சதுரமில்லாத சதுரக் கடதாசி: முதன்முறையாகக் கென்டன் கண்காட்சிக்குப் போகும் வியாபாரிக்கு

சென்ற மாதம் கண்டியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். பாடசாலை உபகரணங்கள் விற்கும் சிறிய கடை. தகப்பன் நடத்தியதை இப்போது இவர் பொறுப்பெடுத்திருக்கிறார். "நானா, ஒக்டோபர்ல கென்டனுக்குப் போறன். டிக்கட்டும் போட்டுட்டன். அங்க என்ன சாமான் எடுத்தா நல்லம்?" என்று கேட்டார்.

"தம்பி, இது டிக்கட் போட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் 2011ஆம் ஆண்டு நானும் அப்படித்தான் போனேன். போன விதத்துக்கு விலையும் கொடுத்தேன். அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். இவ்வாண்டோ அடுத்த ஆண்டோ முதன்முறையாகப் போக இருப்பவர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கென்டன் கண்காட்சி என்றால் என்ன?

சீனாவின் குவாங்சோ நகரத்தின் பழைய பெயர்தான் கென்டன். 1957ஆம் ஆண்டு முதல் அங்கு நடந்துவரும் ஏற்றுமதிக் கண்காட்சி இது. ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரல் நடுவிலும் ஒக்டோபர் நடுவிலும் ஆரம்பமாகும். கொரோனா காலத்தில், 2020 முதல் 2022 வரை, பெரும்பாலும் இணையவழியாகவே நடந்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் முழு அளவில் திறந்தார்கள்.

புதியவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. எல்லாப் பொருட்களும் ஒரே நாளில் இருக்காது. ஒவ்வொரு கண்காட்சியும் மூன்று கட்டங்களாக நடக்கும். ஒரு கட்டம் ஐந்து நாள். இடையில் மண்டபங்களை மாற்றுவதற்குச் சில நாள் இடைவெளி. மின்சாரப் பொருட்களும் இயந்திரங்களும் முதற் கட்டம். வீட்டுப் பாவனைப் பொருட்களும் அன்பளிப்புப் பொருட்களும் இரண்டாம் கட்டம். துணிமணி, விளையாட்டுச் சாமான், பாடசாலை மற்றும் அலுவலக உபகரணங்கள் மூன்றாம் கட்டம். அந்தத் தம்பி ஒக்டோபர் 16ஆம் திகதிக்கு டிக்கட் போட்டிருந்தார். அவருடைய சாமான் வருவதோ மாதக் கடைசியில். தெரியாமல் போயிருந்தால் குளிரூட்டி இயந்திரங்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

என்னுடைய கதை

2011இல் என் கடைக்கு வரும் சித்திரப் பாட ஆசிரியை ஒருவர், "நானா, ஒரிகாமிக் கடதாசி எடுத்துத் தாங்களேன். பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துக் கொடுத்துக் கை நோகுது" என்று கேட்டார். ஒரிகாமி என்பது ஜப்பானியர்களின் கடதாசி மடிப்புக் கலை. கத்தரிக்கோலும் இல்லை, பசையும் இல்லை. ஒரு சதுரத் தாளை மடித்தே கொக்கு, தவளை, பெட்டி எல்லாம் செய்வார்கள். அதற்கென்று ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக, 15 சென்றிமீற்றர் சதுரத்தில் கடதாசி வரும். புறக்கோட்டையில் தேடினேன். ஒழுங்கானது கிடைக்கவில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், சாமான் இல்லை. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சிக்குப் போனேன். என்னிடம் 5 இலட்சம் அளவில் இருந்தது. மச்சான் 5 இலட்சம் தந்தார். அது அவர் வீட்டு மேல்மாடிக்குச் சிலாப் போட வைத்திருந்த காசு.

இரண்டாம் நாளே ஒரு கூடத்தில் கடதாசியைப் பார்த்தேன். அழகான நிறங்கள். மாதிரித் தாளை எடுத்து மடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. 100 தாள் கொண்ட ஒரு பக்கற் 60 சதம், அமெரிக்கக் காசில். டொலர் 110 ரூபா அளவில் இருந்த காலம். மனதுக்குள் கணக்குப் போட்டேன்: 66 ரூபா. விற்பது 120 ரூபா. பக்கற்றுக்கு 54 ரூபா இலாபம்! அங்கேயே 10,000 பக்கற்றுக்கு ஓடர் கொடுத்தேன். 30 வீதம் முற்பணம். மிகுதி, கப்பல் பத்திரத்தின் பிரதி வந்ததும்.

சாமான் வந்து சேர்ந்தது பெப்ரவரியில். பாடசாலை தொடங்கிப் பெற்றோர்கள் கொப்பி, புத்தகம் எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள். கப்பல் கூலி, கொழும்பில் இறக்குமிடக் கட்டணம், தீர்வை, வரிகள், கிளியரிங், லொறி எல்லாம் சேர்த்து ஒரு பக்கற் 94 ரூபாவில் வந்து நின்றது.

அதுவும் பரவாயில்லை என்று அந்த ஆசிரியைக்கு முதல் பக்கற்றைக் கொடுத்தேன். அவர் கடையிலேயே ஒரு தாளை எடுத்தார். ஒரு மூலையைப் பிடித்து, பக்கத்து விளிம்போடு விளிம்பு சேரும்படி குறுக்கே மடித்தார். ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்று மிஞ்சியது. "நானா, இது சதுரமில்லையே" என்றார். அளவுகோலை எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் 150 மில்லிமீற்றர். மறுபக்கம் 147.

மூன்று மில்லிமீற்றர்தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரிகாமியில் ஒரு மடிப்பின் மேல்தான் அடுத்த மடிப்பு. முதல் மடிப்பில் வரும் பிழை கடைசியில் கொக்கின் கழுத்தில் வந்து நிற்கும். சிறு பிள்ளைகளுக்கு அது வரவே வராது. பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லும், கடதாசியைச் சொல்லாது. "இதை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விற்பனை செய்த கம்பனிக்கு எழுதினேன். "உங்கள் ஓடரில் 15 சென்றிமீற்றர் நிறக் கடதாசி என்று மட்டுமே இருக்கிறது. சிறு வித்தியாசம் வழமை" என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. நான் கையெழுத்திட்ட தாளில் சதுரம் என்ற சொல்லே இல்லை!

கடைசியில் பாலர் பாடசாலைகளுக்கு ஒட்டு வேலைக்கான நிறக் கடதாசியாகக் கொடுத்தேன். சராசரி 45 ரூபாதான் கிடைத்தது. கிட்டத்தட்ட 5 இலட்சம் நட்டம்.

இனி அந்த நட்டத்தில் நான் படித்த பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது: வாங்கும் பட்டியலைக் கடையில் எழுதுங்கள், கண்காட்சியில் எழுதாதீர்கள்

அங்கு பல்லாயிரம் கூடங்கள் இருக்கின்றன. பார்க்கும் பொருளெல்லாம் விற்கும் போலத்தான் தெரியும். புறப்பட ஒரு மாதத்துக்கு முன் உங்கள் விற்பனைக் கொப்பியைத் திறந்து, கடந்த ஆண்டு எது எத்தனை விற்றது, எதைக் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று பாருங்கள். மூன்று சாமான், கூடினால் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. வாங்கப் போகும் பொருளைப் பாவிப்பவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நான் அந்த ஆசிரியையிடம் அரை மணித்தியாலம் பேசியிருந்தால், ஒரு தாள் நல்லதா என்று பார்க்க ஒரே ஒரு மடிப்புப் போதும் என்பதை முன்பே தெரிந்திருப்பேன்.

இரண்டாவது: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பொருள் கடையில் இருக்க வேண்டிய நாளை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். துறைமுகத்தில் எடுப்பதற்கு ஒன்றிரண்டு வாரம், கடலில் இரண்டு மூன்று வாரம், தயாரிப்புக்கு 30 முதல் 45 நாள், மாதிரி பார்த்து உறுதி செய்ய இரண்டு வாரம். நவம்பர் முதல் வாரத்தில் ஓடர் கொடுத்த சாமான் ஜனவரிப் பாடசாலைக்கு எப்படி வரும்? பிந்தினால் சீனப் புத்தாண்டு வந்துவிடும். ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வரும் அந்தப் பண்டிகைக்குத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். பாடசாலைச் சாமான் எடுப்பவருக்கு ஏற்ற கண்காட்சி ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதுதான்.

மூன்றாவது: வந்து சேரும் விலை தெரியாமல் விலை பேசாதீர்கள்

சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தரும் விலை, அதாவது எஃப்.ஓ.பி. விலை, பாதிக் கதைதான். புறப்பட முன் உங்கள் கிளியரிங் முகவரிடம் போங்கள். பொருளின் சுங்க இலக்கம் என்ன, அன்றைய தீர்வை என்ன, மற்றைய வரிகள் என்ன, இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரி முதல் 18 வீதம். இந்த வீதங்கள் மாறுபவை. போன ஆண்டுக் கணக்கை வைத்து இந்த ஆண்டு ஓடர் கொடுக்கக் கூடாது.

கடதாசி போன்ற பாரமான சாமானில் இன்னொரு விடயம் உண்டு. முழுக் கொன்டெய்னர் எடுக்காமல் பிறருடைய சாமானோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீற்றரையும் 1,000 கிலோவையும் ஒப்பிட்டு, எது கூட வருகிறதோ அதற்கே கூலி போடுவார்கள். சில நேரம் சீனத்திலிருந்து வரும் கூலியை மிகக் குறைத்துச் சொல்லிவிட்டு, கொழும்பில் இறக்குமிடக் கட்டணமாக அறவிடுவதும் உண்டு. விற்பவரே கூலியைக் கட்டும் ஓடரில் இது அதிகம் நடக்கும். இரு பக்கக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது: அளவுகோலும் சிறு தராசும் கையில் இருக்கட்டும்

கடதாசியின் கனத்தை ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. தராசு சொல்லும். 15 சென்றிமீற்றர் சதுரத்தில் 70 கிராம் கடதாசி 100 தாள் என்றால் 157 கிராம் அளவில் இருக்க வேண்டும். எனக்கு 70 கிராம் என்று வாயால் சொன்னார்கள். வந்ததை நிறுத்துப் பார்த்தேன், 132 கிராம். 60 கிராம் கடதாசி, அகலத்திலும் குறைவு. ஒரு பக்கற்றில் 25 கிராம் என்றால் 10,000 பக்கற்றில் 250 கிலோ கடதாசி எனக்கு வரவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டினேன்.

சாதாரண ஏ4 தாளுக்கும் இலகுவான கணக்கு உண்டு. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆகவே 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. குறைந்தால் தாளின் கனம் குறைவு, அல்லது எண்ணிக்கை குறைவு.

வெட்டிலும் கவனம் வேண்டும். கடதாசியை ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. குவியலாக வைத்து இயந்திரக் கத்தியால் வெட்டுவார்கள். கத்தி மழுங்கினாலோ குவியல் உயரமானாலோ மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் அளவு வித்தியாசப்படும். ஆகவே ஒரு தாளை மட்டும் அளக்காதீர்கள். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்துப் பாருங்கள். நீங்கள் விற்பது பிளாஸ்டிக்காக இருக்கலாம், துணியாக இருக்கலாம். உங்கள் சாமானுக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஐந்தாவது: ஓடர் தாளில் இல்லாதது உலகத்திலேயே இல்லை

இப்போது நான் கொடுக்கும் கடதாசி ஓடரில் இவை எல்லாம் இருக்கும்: 150க்கு 150 மில்லிமீற்றர், சதுரம். ஏற்கத்தக்க வித்தியாசம் அரை மில்லிமீற்றர். சதுர மீற்றருக்கு 70 கிராம். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. நிறங்களின் பெயரும் ஒவ்வொன்றிலும் எத்தனை தாள் என்பதும். ஈரம் புகாத உறை. ஒரு பெட்டி 20 கிலோவுக்கு மேற்படாமை. இவற்றுக்கு மாறாக வந்தால் என்ன செய்வது என்பதும்.

மாதிரியில் இரண்டு எடுத்து இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி நன்றாக இருந்தது என்று பின்னர் சொல்வதால் பயனில்லை. எனக்குக் காட்டிய மாதிரியும் நல்ல சதுரம்தான். மிகுதிக் காசு அனுப்ப முன், ஏற்றுமதிக்குத் தயாரான சாமானை அங்குள்ள ஒரு பரிசோதகரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அதற்குச் செலவு உண்டு. என் நட்டத்தோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

காசு அனுப்பும் வங்கிக் கணக்கு, ஓடரில் உள்ள கம்பனியின் பெயரிலேயே இருக்க வேண்டும். "கணக்கு இலக்கம் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் அதை நம்பி அனுப்பாதீர்கள். கம்பனிக்குத் தொலைபேசியில் பேசி, தெரிந்தவரின் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இடையில் புகுந்து ஏமாற்றுபவர்கள் இதே வழியைத்தான் பாவிக்கிறார்கள்.

ஆறாவது: முதல் நாள் கால் நடக்கட்டும், கை எழுத வேண்டாம்

முதல் நாள் ஓடர் கொடுக்காதீர்கள். ஒரே சாமானைக் குறைந்தது ஐந்து கூடத்தில் பாருங்கள். தொழிற்சாலையா, இடையில் நிற்கும் வர்த்தகக் கம்பனியா என்று கேளுங்கள். இடையில் நிற்பவர் கெட்டவர் என்றில்லை. சிறிய தொகை எடுக்கும் நமக்குச் சில நேரம் அவர்தான் வசதி. ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் அவர்களின் விசிட்டிங் காட்டை உங்கள் கொப்பியில் ஒட்டி, விலை, குறைந்தபட்ச ஓடர், கூட இலக்கம் மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரவில் அறைக்கு வந்தால் எல்லா முகமும் ஒரே முகமாகத்தான் நினைவிருக்கும்.

போவதற்கு முன் கண்காட்சியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் கொள்வனவாளராகப் பதிந்து அழைப்புக் கடிதம் எடுங்கள். வர்த்தக விசாவுக்கு அது உதவும். நுழைவு அட்டைக்குக் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். சீனாவின் உள்ளூர் இணைப்பில் வட்ஸ்அப் வேலை செய்யாது. வீசெட்டை இங்கேயே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பழைய, கால் பழகிய சப்பாத்தை அணியுங்கள். நாளொன்றுக்குப் பல கிலோமீற்றர் நடக்க வேண்டியிருக்கும். புதுச் சப்பாத்தோடு போய் மூன்றாம் நாள் அறையில் படுத்திருந்தவரை நான் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஷியாவ்பெய் பகுதியில் ஹலால் உணவகங்கள் நிறைய இருக்கின்றன. ஜும்ஆவுக்குப் பழமையான ஹுவைஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கு பல நாட்டு வியாபாரிகளையும் காணலாம். எந்தச் சந்தையில் எது கிடைக்கும் என்ற நல்ல தகவல் எனக்குக் கண்காட்சியைவிட அந்த முற்றத்தில்தான் அதிகம் கிடைத்தது.

ஏழாவது: வீட்டுக்குள்ளும் எழுத்து வேண்டும்

இதைக் கடைசியில் வைத்தேன். எனக்கு மிகவும் வலித்த பாடம் இதுதான்.

மச்சானின் 5 இலட்சம் கடனா, கூட்டா? நாங்கள் பேசவே இல்லை. நான் கூட்டு என்று நினைத்தேன். இலாபம் வந்தால் பாதி கொடுப்பது என் எண்ணம். அவர் கடன் என்று நினைத்திருந்தார். மூன்று மாதத்தில் திரும்பி வரும், மழைக்கு முன் சிலாப் போடலாம் என்பது அவர் எண்ணம். இலாபம் வந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. நட்டம் வந்தபோதுதான் இரண்டு பேரும் இரண்டு வேறு பேச்சைப் பேசியிருக்கிறோம் என்று தெரிந்தது. அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அந்தப் பெருநாளைக்கு என் மனைவி தன் நானாவுக்காக எடுத்துவைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

கடையிலிருந்து மாதம் மாதம் எடுத்து 14 மாதத்தில் முழுத் தொகையையும் கொடுத்து முடித்தேன். கடைசிப் பணத்தைக் கொண்டுபோன அன்று, "மச்சான், ஒரு தாளில ரெண்டு வரி எழுதியிருந்தா நாங்க ரெண்டு பேரும் இப்பிடிக் கஷ்டப்பட்டிருக்க மாட்டோம்" என்றார். உண்மை. காசு கடனா, முதலீடா, எப்போது திருப்புவது, நட்டம் யாருடையது என்று நாலு வரி போதும். சொந்தக்காரருக்குள் எழுதுவது நம்பிக்கையில்லாததால் அல்ல. அந்த நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருப்பதற்காகத்தான் எழுதுவது.

மீண்டும் போனபோது

2024 மே மாதம் மூன்றாம் கட்டத்துக்கு மறுபடியும் போனேன். பையில் எஃகு அளவுகோல், சிறு தராசு, ஆசிரியை தன் கையால் எழுதித் தந்த தேவைப் பட்டியல். ஒரு கூடத்தில் கட்டின் மேல், நடு, அடி மூன்றிலும் தாள் எடுத்துக் குறுக்கே மடித்தேன். மூன்றிலும் விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. நிறுத்தேன், 158 கிராம். கூடத்தில் நின்ற பிள்ளை நான் மடித்த தாளில் ஒன்றை எடுத்து, பேசிக்கொண்டே ஒரு கொக்கு மடித்து மேசையில் வைத்தாள்.

அன்று 10,000 பக்கற் எடுக்கவில்லை. 1,000 மட்டும் எடுத்தேன், மற்றச் சாமானோடு சேர்த்து. ஜனவரிக்கு முன்பே கடைக்கு வந்தது. முதல் பக்கற்றை அந்த ஆசிரியையிடமே கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு தாளை மடித்துப் பார்த்துவிட்டு, "இது சதுரம் நானா, இன்னும் பத்துப் பக்கற் வையுங்க" என்றார்.

கண்டித் தம்பி டிக்கட்டின் திகதியை மாற்றிவிட்டதாகச் சொன்னார். இப்போது விற்பனைக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கிறாராம். நல்ல ஆரம்பம்.